ரங்கம்மா வாங்கிய மூக்கொழுகி

மூக்கு உள்ளவரைக்கும் சளி என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது என்னைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். மூன்றரை வயதிலிருந்து ஆறு வயதுவரை என் வலது மூக்கு ஒருநாளும் காய்ந்ததில்லை. எங்கள் ஊருக்குப் பெயரே மூக்கண்டப்பள்ளி. “ஊர்ப் பேரைக் காப்பாத்தப் பொறந்தவன்டா நீ” என்று ஓசூரிலிருந்து சைக்கிளில் வரும் வாத்தியார் கேலி செய்வார். கேலிக்கெல்லாம் நான் அசைந்ததில்லை. மூக்கு ஒழுகினால் துடைக்க எனக்கு ரங்கம்மா இருந்தாள்.

ரங்கம்மா எங்கள் வீட்டுப் பண்ணையில் வேலை செய்தவள். நல்ல உயரம், முன்பல்லில் ஓர் இடைவெளி, கழுத்தில் மூன்று சரம் நீலப் பாசிமணி. மாடுகளைத் தெலுங்கில் திட்டுவாள், புருஷனைக் கன்னடத்தில் திட்டுவாள், எங்களைத் தமிழில் திட்டுவாள். எந்த மொழியில் திட்டினாலும் கடைசியில் சிரித்துவிடுவாள். அவள் புருஷன் ஆஞ்சப்பன் எங்கள் மாடுகளை மேய்த்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எந்த வீட்டில் குழந்தை அழுதாலும் அவள் கை வேலை ஒரு கணம் நின்றுவிடும் என்று ஆஞ்சப்பன் சொல்வான்.

நான் அவளை அம்மா என்று கூப்பிட்டேன். என்னைப் பெற்ற மங்கம்மாவை அக்கா என்று கூப்பிட்டேன். இது எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் ஒரு வயதைத் தாண்டவில்லை. மூன்றாவதாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், நான் வந்தேன். பெற்றவளிடம் இருந்தால் இதையும் எமன் கொண்டுபோய்விடுவான் என்று எல்லோருக்கும் பயம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். இல்லாதப்பட்டவள் ஒருத்தி வந்து, “இது யாரு புள்ள?” என்று கேட்பாள். “யாரு புள்ளயும் இல்ல, வேணும்னா எடுத்துக்க” என்று பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வந்தவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். வலது மூக்கைக் குத்தி ஒரு செப்பு வளையம் போடுவார்கள். அன்றுமுதல் பிள்ளை வாங்கியவளுடையது. பெற்ற வீட்டில்தான் வளரும், பெற்றவளின் பாலைத்தான் குடிக்கும், ஆனால் அம்மா என்ற சொல் வாங்கியவளுக்கு. பெற்றவள் அக்காவோ அத்தையோ ஆகிவிடுவாள். ஐந்து வயது முடிந்ததும் மாரம்மா கோயில் திருவிழாவில் வளையத்தைக் கழற்றித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிள்ளையும் திரும்பி வரும், சொல்லும் திரும்பி வரும்.

என்னை ஒரு படி கேழ்வரகுத் தவிட்டுக்கு வாங்கியவள் ரங்கம்மா. என் பெயர் கிருஷ்ணப்பன் என்று பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள். அவள் எனக்கு வைத்த பெயர் தவுடு.

எமனை ஏமாற்றுவதற்கு எங்கள் வீட்டுக்கு ரங்கம்மா வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி அவள் வரக் கூடாது. கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகைவரைதான் அவள் எல்லை. காலையில் அங்கே நின்றுகொண்டு, “டேய் தவுடா, எங்கடா போயிட்ட, உங்கம்மா வந்திருக்கறன்டா” என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். உள்ளே அடுப்பங்கரையில் என்னைப் பெற்றவள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். இதையெல்லாம் அந்த வயதில் நான் யோசிக்கவில்லை.

ஐந்து வருஷக் கணக்கு சரியாக முடிந்திருக்கும். நடுவில் என் மூக்கு புகுந்தது.

முதலில் சாதாரணச் சளி என்றுதான் நினைத்தார்கள். ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் எந்தப் பிள்ளைக்குத்தான் மூக்கு ஒழுகாது? மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டினார்கள். துளசிச் சாறு, தூதுவளைக் கஷாயம், சுக்குத் தண்ணீர், நொச்சித் தழை போட்ட ஆவி எல்லாம் ஆயிற்று. வாழைப்பழமும் மோரும் எனக்கு ஆகாதென்று நிறுத்தினார்கள். வைத்தியம் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பத்து நாளில் நின்றது எனக்கு மட்டும் மாதக்கணக்கில் ஓடியது. தண்ணீராக ஆரம்பித்தது மஞ்சளாயிற்று, பிறகு பச்சையாயிற்று. போகப் போக ஒரு நாற்றமும் சேர்ந்துகொண்டது. கூட விளையாடியவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். வாத்தியார் என்னைக் கடைசி வரிசை ஜன்னலோரம் மாற்றினார்.

வலது மூக்கு மட்டும்தான் ஒழுகியது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதிசயப்படவில்லை, ஏனென்றால் வளையம் இருந்ததும் அதே வலது மூக்கில். குத்தின புண் ஆறவில்லை, அதுதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வளையத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினார்கள். கழற்றிப் பார்க்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. என் உயிரே அந்தச் செப்புக் கம்பியில்தான் தொங்குவதாக எங்கள் அப்பா நாராயணப்பன் நம்பினார்.

எனக்கு ஐந்து வயது முடிந்த சித்திரையில் மங்கம்மா புதுப் புடவை எடுத்து, தவிடு சலித்து, எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கோயில் பூசாரி என் முகத்தைப் பார்த்தார். “சீக்கோட வந்திருக்குது புள்ள. வளையத்த எடுக்கக் கூடாது. மூக்கு நின்னப்புறம் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். மங்கம்மா சலித்த தவிட்டை அப்படியே சுமந்துகொண்டு திரும்பினாள். எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி வந்த ரங்கம்மா என்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பு முழுக்கப் பாடிக்கொண்டு வந்தாள்.

அதாவது, என் மூக்கு ஒழுகும்வரை அவள் அம்மா. நின்றுவிட்டால் அவள் கூலியாள். இது ஊரில் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த தை மாதம் எங்கள் களத்தில் கேழ்வரகுப் போர் அடித்தார்கள். கதிரை மிதித்துத் தூற்றி முடித்தபிறகு சொங்கு, அதாவது கேழ்வரகின் மெல்லிய உமி, காற்றில் பறந்துகொண்டிருந்தது. ரங்கம்மா களத்து ஓரத்தில் உட்கார்ந்து என்னை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் சொங்கை எடுத்து என் மூக்கின் கீழே விளையாட்டாக நீட்டினாள்.

“ஊதுடா தவுடா, மூக்கால ஊது.”

ஊதினேன். இடது பக்கத்துச் சொங்கு பறந்தது. வலது பக்கத்துச் சொங்கு அப்படியே இருந்தது. அவள் இடது மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதச் சொன்னாள். ஒரு துகள்கூட அசையவில்லை. எனக்கு மூச்சு முட்டி வாயைத் திறந்துவிட்டேன். அவள் சிரிப்பதை நிறுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாடு மேய்க்கிறவனின் வீட்டுக்காரிக்கு ஒரு விஷயம் தெரியும். குட்டையில் தண்ணீர் குடிக்கிற மாட்டுக்குச் சில சமயம் மூக்கில் அட்டை ஏறிவிடும். சளி பிடித்த மாட்டுக்கு இரண்டு மூக்கும் ஒழுகும். அட்டை ஏறிய மாட்டுக்கு ஒரு மூக்கு மட்டும் ஒழுகும். ஆஞ்சப்பன் எத்தனையோ மாட்டுக்கு அப்படிப் பார்த்து எடுத்திருக்கிறான். ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு அந்த நிமிஷமே பட்டுவிட்டது.

இன்னொன்றும் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் அவள் மடியில் படுத்திருந்தபோது கழுத்துச் சரத்தைப் பிடித்து இழுத்து அறுத்துவிட்டேன். மணிகளைப் பொறுக்கிக் கோத்தபோது ஒன்று குறைந்தது. மண்ணில் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அன்று அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் மூக்கைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். தை போயிற்று. மாசியிலும் பாதி போயிற்று. அவள் தினமும் கொட்டகையில் நின்று என்னைக் கூப்பிட்டாள், நான் தினமும் அம்மா என்று ஓடினேன். அந்த நாட்களில் என்னை வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்துக்கொண்டிருந்தாள் என்று மங்கம்மா பிற்பாடு சொன்னாள். திட்டுவது குறைந்துவிட்டதாம். ஆஞ்சப்பன் ஒருநாள் எங்கள் அப்பாவிடம், “ஊட்டுக்காரிக்கு என்னமோ ஆயிடுச்சிங்க, ராத்திரில தூங்க மாட்டேங்கறா” என்று முறையிட்டானாம்.

மாசிக் கடைசியில் எனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கொஞ்சம்தான், பள்ளிக்கூடச் சட்டையில் இரண்டு சொட்டு. அதை ரங்கம்மா பார்த்தாள். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக் கதவருகே வந்து நின்றாள்.

“எசமானி, புள்ளைக்கு மூக்குக்குள்ள என்னமோ இருக்குது. வளையத்துப் புண்ணு இல்லீங்க இது. ஓசூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

மங்கம்மா பயந்துவிட்டாள். “ஆஸ்பத்திரியில வளையத்தக் கழட்டிப் போட்டா என்ன பண்றது? கோயில்லதான கழட்டணும்? வேணாம் ரங்கி. இன்னம் ரெண்டு நாளு மஞ்சப்பொக காட்டலாம்.”

அப்பாவும் உள்ளே இருந்தபடியே, “உனக்கென்ன தெரியும், போயி சாணியப் பாரு” என்றார்.

ரங்கம்மா அந்த வீட்டில் யாரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

“தவிடு குடுத்தவ நான். இன்னக்கித் தேதிக்கு அவன் எம்புள்ள. எம்புள்ளய நான் தூக்கிட்டுப் போறன். வர்றவங்க வாங்க.”

சொல்லிவிட்டு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறு வயதுக் கழுதையை. அப்பா திண்டாடிப் போனார். வழக்கத்தை மறுத்தால் எமனுக்கு உண்மை தெரிந்துவிடும், மறுக்காவிட்டால் கூலியாளுக்குத் தாங்கள் பணிய வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் மங்கம்மா முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டாள்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல், “புள்ளயோட அம்மா யாரு?” என்று கேட்டார். நான் ரங்கம்மாவைக் கைகாட்டினேன். மங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டாள். அவள் முகம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. சீட்டில் ரங்கம்மா என்றுதான் எழுதினார்கள்.

டாக்டர் வயதானவர், கன்னடம் கலந்த தமிழ் பேசினார். நெற்றியில் வட்டக் கண்ணாடி ஒன்று கட்டியிருந்தார். என் மூக்கின் பக்கம் குனிந்ததுமே நாற்றத்தில் முகத்தைச் சுளித்தார். பிறகு இடது மூக்கைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், வளையத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெளிச்சத்தைத் திருப்பினார்.

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசத்துக்கு மேலங்க” என்றாள் ரங்கம்மா.

“சளின்னா ரெண்டு மூக்கும் ஒழுகும் தாயி. பத்து நாள்ல போயிடும். ஒரே பக்கம் மட்டும் ஒழுகி, நாத்தமும் அடிச்சா உள்ள ஏதோ மாட்டியிருக்குதுன்னு அர்த்தம். ஊட்டுல குச்சி கிச்சி விட்டுக் குடைஞ்சீங்களா?”

“இல்லீங்க.”

“நல்ல வேல செஞ்சீங்க. குடைஞ்சிருந்தா இன்னம் உள்ள போயிருக்கும். கெட்டியாப் புடிச்சிக்க.”

ரங்கம்மா என்னை மடியில் வைத்து, என் இரண்டு கைகளையும் தன் கையால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மங்கம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டாள். முனை வளைந்த ஒரு சின்னக் கம்பி உள்ளே போனது. நான் போட்ட கூச்சல் சந்தைவரை கேட்டிருக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கிண்ணத்தில் டக் என்று ஏதோ விழுந்தது. சுண்ணாம்பு படிந்தது போல வெள்ளை பூத்துக் கிடந்த அதை டாக்டர் தண்ணீரில் போட்டுப் பஞ்சால் தேய்த்தார். நீல நிறம் தெரிந்தது. பாசிமணி.

மங்கம்மா மணியைப் பார்த்தாள். பிறகு ரங்கம்மாவின் கழுத்தைப் பார்த்தாள்.

இரண்டு மூக்காலும் மூச்சு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வறுத்த கடலை வாசனை அடித்தது. அப்படி ஒரு வாசனை உலகத்தில் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கடலை வேண்டும் என்று அழுதேன், வாங்கிக் கொடுத்தார்கள். தின்றுகொண்டே ரங்கம்மாவின் தோளில் சாய்ந்து வந்தேன். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் இருவரும் நின்றார்கள்.

“எசமானி, ஒன்னு சொல்லணும்” என்றாள் ரங்கம்மா. “எனக்குத் தையிலயே தெரியும். களத்துல சொங்கு வெச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. மணி கொறஞ்சதும் ஞாவகம் வந்துருச்சு. சொல்லிட்டா மூக்கு நின்னுரும், நின்னா சித்திரையில புள்ள உங்களுக்குப் போயிருமின்னு சும்மா இருந்துட்டன். ஒரு மாசத்துக்கு மேல சும்மா இருந்தன். ரத்தத்தப் பாத்தப்புறம் என்னால முடியல. அடிக்கறதுன்னா அடிச்சிருங்க.”

மங்கம்மா அடிக்கவில்லை.

“ஆறு வருசமா நானும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான காத்துக் கெடக்கறேன் ரங்கி. அவன் உன்னக் கூப்பிடறப்பெல்லாம் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ ஒரு மாசந்தான் திருடுன. உன் எடத்துல நானா இருந்திருந்தா வாயவே தொறந்திருக்க மாட்டேன்.”

மீதி வழி முழுக்க என்னை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஒரு மாதத்துக்காக ரங்கம்மாமேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கேட்டிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் சந்தோஷமாக ஒழுகியிருப்பேன்.

சித்திரையில் மாரம்மா கோயிலில் எல்லாம் முறைப்படி நடந்தது. ஆசாரி வளையத்தை நறுக்கி எடுத்தார். மங்கம்மா ஒரு படி தவிட்டை முறத்தில் வைத்துக் கொடுத்தாள், மேலே ஒரு புடவையும் தேங்காயும். ரங்கம்மா என் முதுகில் கைவைத்து மங்கம்மாவின் பக்கம் தள்ளினாள். “உங்க புள்ளய நீங்க எடுத்துக்குங்க” என்று முறைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். “இனிமே இவதான் உங்கம்மா. அவள ரங்கம்மான்னுதான் கூப்பிடணும். தெரிஞ்சுதா? ஊருல நாலு பேரு சிரிப்பாங்க.” நான் மங்கம்மாவைப் பார்த்து அம்மா என்றேன். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு என்னை இறுக்கிக்கொண்டு அழுதாள். பாவம், ஆறு வருஷம் காத்திருந்தாள். அந்தச் சொல் அவளுக்குச் சேர வேண்டியதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து குரல் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ரங்கம்மா வந்துதான் இருந்தாள், குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பாவின் பாடமெல்லாம் பறந்துபோயிற்று.

“அம்மா” என்று கூப்பிட்டேன்.

அவள் நிமிரவில்லை. “அம்மா அடுப்பங்கரையில இருக்காங்க சாமி” என்றாள்.

என்னை அவள் அதுவரை சாமி என்று கூப்பிட்டதே இல்லை. வேறு யாரிடமோ பேசுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளை எப்படியாவது பக்கத்தில் வரவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது.

“மூக்கு ஒழுகுது” என்றேன்.

கூடையைக் கீழே வைத்தாள். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். முந்தானை நுனியால், காய்ந்து கிடந்த அந்த வலது மூக்கை மெதுவாக, ரொம்ப நேரம் துடைத்தாள்.

“ஒழுகலீங்க சாமி” என்றாள். “நின்னுபோச்சுங்க.”